கண் வாங்கிய வீடுகள்

அந்த வருஷம் திருப்பூரில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால், சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிற வழக்கமே போய்விட்டது. "உங்களுக்கு எந்தக் கண்ணுங்க வந்துச்சு?" என்பதுதான் முதல் விசாரிப்பு. நல்ல கண் என்று பதில் வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். பூக்கண் என்று வந்தால், கேட்டவருக்குத் திடீரென்று எங்கேயோ அவசர வேலை வந்துவிடும்.

இத்தனைக்கும் நமக்குப் பழக்கமான மெட்ராஸ் ஐதான். கண் சிவக்கும், பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், ஒரு வாரம் லீவு கிடைக்கும். யாரும் அதற்குப் பயந்ததில்லை. பார்த்தாலே தொற்றிவிடும் என்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கண்ணைக் கசக்கிய கையாலேயே டீ கிளாஸை எடுத்து நீட்டுகிற ஜனங்கள் நாம். ஒரே சொட்டு மருந்து பாட்டிலை வீட்டில் எல்லோருக்கும் விட்டு, மூடி வைத்து, அடுத்த வீட்டுக்கும் இரவல் கொடுப்போம். இந்த அலட்சியத்துக்கெல்லாம் சேர்த்து வைத்து வந்தது ஒரு புது வைரஸ் வகை. அது ஆறிப்போகும்போது கருவிழியில் வெள்ளையாக ஒரு பூவை விட்டுவிட்டுப் போனது. பூ விழுந்த கண்ணுக்கு வெளிச்சம் தெரியும். எதிரே நிற்பது யாரென்று தெரியாது.

எந்தக் கண் என்று சொல்ல ஒரு கருவி வந்தது. வகைகாட்டி என்று பெயர். இட்லிப் பானை அளவுதான் இருக்கும். கண்ணீரைப் பஞ்சுக் குச்சியில் ஒற்றி, விரல்நகம் அளவுள்ள ஒரு சில்லில் தேய்த்து உள்ளே வைத்தால், காபி குடித்து முடிப்பதற்குள் விளக்கு எரியும். பச்சை என்றால் பழைய மென்வகை, பயமில்லை; பச்சைச் சீட்டு ஒன்றைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிவப்பு என்றால் பூவகை. அப்புறம் ஊருக்கு வெளியே முகாம், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று அழுகிற சொந்தக்காரர்கள்.

அதோடு நின்றிருந்தால் கதை இல்லை. மென்வகை வந்து ஆறியவர்களைப் பூவகை தீண்டுவதில்லை என்று ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததைத் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். தடுப்பூசி இதோ வருகிறது, அதோ வருகிறது என்று வந்துகொண்டே இருந்தது. ஜனங்கள் காத்திருக்கவில்லை. பச்சைச் சீட்டு வைத்திருப்பவரை வீட்டுக்கு அழைத்து, பலகை போட்டு உட்கார வைத்து, புதுக் கைக்குட்டையை அவர் கண்ணில் ஒற்றி, அதைத் தங்கள் குழந்தையின் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சும்மா வாங்கக்கூடாது என்று வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பெண்ணாக இருந்தால் ஒரு ஜாக்கெட் துணி. அரசாங்கம் தடை போட்டது. தடை போட்டதும் நல்ல நேரம் பார்த்துச் செய்ய ஆரம்பித்தார்கள். கண் வாங்குவது என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது.

தொலைக்காட்சியில் அதைச் சொன்னவள் தமயந்தி. மண்டலக் கண் ஆய்வகத்தில் வைரஸ் வகை பிரிக்கும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. நோய் உச்சத்துக்கு ஏறியதிலிருந்து ஆய்வக விடுதியிலேயே தங்கியிருந்தாள். வீட்டுக்குப் போனால் உடையிலோ தலைமுடியிலோ எதையாவது ஒட்டவைத்துக்கொண்டு போய்விடுவோமோ என்று பயம். வீட்டில் ஆறு வயது மகள் ஆதிரை இருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள அப்பா லோகநாதன் இருந்தான். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியில் நூலிழை பிசகாது, மற்ற விஷயங்களில் சட்டென்று கலங்கிவிடுகிற மனுஷன்.

தினமும் சாயங்காலம் போன் திரையில் குடும்பம் கூடும். ஆதிரை தான் போட்ட மீன்களைக் காட்டுவாள். ஊதா மார்க்கர் ஒன்று கிடைத்த நாளாக அவளுக்கு மீன் பைத்தியம் பிடித்திருந்தது. சுவர், தலையணை உறை, அப்பாவின் சாப்பாட்டு டப்பா, பீரோவில் அம்மா மடித்து வைத்திருந்த துணி எதையும் விடவில்லை. எல்லா மீனுக்கும் இமைமயிர் உண்டு.

"மீனுக்கு ஏதுடி இமை?" என்று தமயந்தி கேட்டால், "எங்க மீனு அழகு மீனு," என்பாள்.

அப்புறம் லோகநாதன் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போவான். தினமும் அதே பேச்சு.

"தமா, கிளாஸ்ல எல்லாரும் வாங்கிட்டாங்களாம். இவ ஒருத்திதான் பாக்கி."

"வேண்டாம்னா விடுங்க."

"நீதானே டிவில சொன்ன, நல்ல கண்ணு வந்து போயிருச்சுன்னா பூக்கண்ணு அண்டாதுன்னு?"

"ஏனுங்க, வந்து போச்சுன்னா அண்டாதுன்னு சொன்னேன். போய் வாங்கிட்டு வாங்கன்னா சொன்னேன்? அதெல்லாம் ஒரே குடும்பத்து வைரஸுங்க. அண்ணன் சாது, தம்பி ரவுடி. சாதுவைக் கூப்பிட்டு வீட்ல உக்கார வெச்சா, பின்னாடியே யாரு வருவாங்கன்னு எனக்கே தெரியாது."

"உனக்கே தெரியாதுன்னா நான் என்ன பண்றது? இவ தினமும் பஸ்ல போறா. யாரு மடியிலயாவது உக்காந்துட்டு வர்றா. எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

அவளுக்கும் வருவதில்லை. அதைச் சொன்னால் அவன் இன்னும் கலங்குவான் என்று சொல்லாமல் வைத்துவிடுவாள்.

ஒரு வியாழக்கிழமை காலை, வலையங்காட்டிலிருந்து விஜயகுமாரி என்ற பெண் தன் ஐந்து வயது மகனைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தாள். பையனுக்கு இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. அவளிடம் பதற்றமே இல்லை. பச்சைச் சீட்டு வாங்கிப்போகத்தான் வந்திருந்தாள்.

விளக்கு சிவப்பாக எரிந்தது.

"தப்புங்க மேடம். நாங்க நல்ல கண்ணுதானுங்க வாங்கினோம். சீட்டை நானே கையில வாங்கிப் பார்த்தேன். இன்னொரு வாட்டி வெச்சுப் பாருங்க."

தமயந்தி வேறு சில்லை எடுத்து மறுபடி வைத்தாள். சிவப்பு. விஜயகுமாரி விளக்கைப் பார்த்தாள். பிறகு பையனின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு, சத்தமே வராமல் அழுதாள். பையனுக்கு மூச்சு முட்டியது. அம்மாவின் காதைப் பிடித்து இழுத்தான்.

மதியத்துக்குள் அதே போல இன்னொரு குழந்தை. அதற்கு அப்புறம் அக்கா, தம்பி என்று ஒரே வீட்டில் இரண்டு. எல்லோரும் சொன்னது ஒரே ஆள்: ஓவர்லாக் மிஷினில் தைக்கிற கலாமணி. அவளுக்குப் பச்சைச் சீட்டு கொடுத்தது இதே ஆய்வகம். தமயந்தி குளிர்பெட்டியிலிருந்து கலாமணியின் பழைய மாதிரியை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பச்சை, சந்தேகமே இல்லாத பச்சை.

தலைமைக் கண் மருத்துவர் நசீமா முகக்கவசத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். "மிஷின் பொய் சொல்லுதா, ஜனங்க பொய் சொல்றாங்களா தமயந்தி?"

"ரெண்டு பேரும் நிஜத்தைச் சொன்னா என்ன பண்றது மேடம்? அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"அவகிட்டக் கண்ணு வாங்கின வீடுங்க எத்தனைன்னு தெரியுமா?"

"தெரியாது. தடை இருக்கிறதால யாரும் வெளிய சொல்றதில்ல."

நசீமா மேஜையைத் தட்டினார். "கண்ணு சிவக்கறதுக்கு முன்னாடி நம்ம சொட்டு மருந்தை விட்டா வைரஸை அடக்கிடலாம். சிவந்தப்புறம் அது வெறும் தண்ணி. போன வாரம் வாங்கினவங்களுக்கு நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. நேத்து, முந்தாநாள் வாங்கினவங்களை இன்னிக்குள்ள பிடிச்சாகணும். நீங்க போய் அந்த அம்மாகிட்டப் பேசுங்க. நான் ஆளுங்களை மருந்தோட வண்டியில ஏத்தி வெக்கறேன். போலீஸ் வேண்டாம். போலீஸைப் பார்த்தா ஒரு வீட்டுப் பேரும் வெளிய வராது."

நடமாடும் வகைகாட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறும்போதுதான், மாதிரிக் குப்பியின் மேல் ஒட்டியிருந்த வரி தமயந்திக்கு மறுபடி ஞாபகம் வந்தது. பெயர், வயது, அதன் பக்கத்தில் 'இடது கண்'.

சில்லுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஆளுக்கு ஒரு கண்ணில் எடுத்தால் போதும், எது அதிகம் சிவந்திருக்கிறதோ அதில் எடுங்கள் என்று ஒரு விதி வந்தது. ஒரே உடம்பு, ஒரே ரத்தம், இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு நோயா வரப்போகிறது? அந்த விதியை எழுதியவள் அவள்தான். அப்போது எல்லோரும் கெட்டிக்காரி என்று பாராட்டினார்கள்.

கலாமணியின் வீடு சாயப்பட்டறைக்குப் பின்னால் வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் கடைசி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். தலை நிறையக் கனகாம்பரம்.

"வாங்க வாங்க மேடம், உங்களை டிவில பாத்திருக்கேன். உக்காருங்க. காபி போடறேன்."

"வேண்டாங்க்கா. உங்க கண்ணை ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். ரெண்டு கண்ணையும்."

கலாமணி கண்ணாடியைக் கழற்றத் தயங்கினாள். பிறகு முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டே கழற்றினாள். தமயந்தி இரண்டு குச்சி, இரண்டு சில்லு எடுத்தாள். கருவி முனக ஆரம்பித்தது.

காத்திருக்கும் நேரத்தில் கலாமணி தானாகவே பேசினாள். சந்தோஷமாகத்தான் பேசினாள்.

"இந்தக் கண்ணு வந்ததுல இருந்து எனக்கு ஓய்வே இல்லீங்க. ஆட்டோ அனுப்பிக் கூப்பிடறாங்க. பலகை போட்டு உக்கார வெச்சு, காலுக்குத் தண்ணி ஊத்தறாங்க. எம் புருசன் இன்னொருத்தியைக் கூட்டிட்டு பெங்களூரு போயி ரொம்ப வருசம் ஆச்சுங்க. செத்திருந்தாக்கூட ஊருக்கு என்னைய என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரிஞ்சிருக்கும். ஒரு வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டாங்க. கூடப் பொறந்தவ மக சடங்குக்கே பந்தி முடிஞ்சப்புறம்தான் சோறு போட்டாங்க. இப்ப பாருங்க, அவளே வந்து கூட்டிட்டுப் போறா."

"யாரு யாரு வீட்டுக்குப் போனீங்க?"

"பேரு யாருங்க சொல்றாங்க? தடை போட்டிருக்கீங்கல்ல." சிரித்தாள். "ஆனா யாரையும் மறக்க மாட்டேன்."

கருவி மணியடித்தது. இடது கண் பச்சை. வலது கண் சிவப்பு.

தமயந்தி இரண்டு விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். நல்ல கண் இடது கண்ணில் வந்து, அது ஆறி உடம்பு தேறுவதற்குள், எங்கேயோ தொட்ட கையால் வலது கண்ணைக் கசக்கியிருக்கிறாள். இரண்டு கண்ணும் சிவந்திருந்ததால் இரண்டும் ஒன்று என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு நூலிழை நம்பிக்கை பாக்கி இருந்தது. இவள் எந்தக் கண்ணிலிருந்து கொடுத்தாள்? இடது என்று சொல்லிவிட்டால் பல வீடு பிழைக்கும். வந்த நாலு குழந்தைகளும் வேறு எங்கேயோ தொட்டு வாங்கிக்கொண்டவை என்று ஆறுதல் கொள்ளலாம்.

"அக்கா, கைக்குட்டையை எந்தக் கண்ணுல ஒத்திக் கொடுத்தீங்க?"

"இதென்னங்க இப்படிக் கேக்கறீங்க? நல்ல காரியமாச்சே. எடதுல எடுத்து யாராச்சும் குழந்தைக்குக் கொடுப்பாங்களா? வலதுதானுங்க. எல்லா வீட்டுலயும் வலதுன்னுதான் கேட்டும் வாங்கினாங்க."

தமயந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இடது கையால் ஒரு வெற்றிலையை நீட்டினால்கூட முகம் சுளிக்கிற ஊர் இது. வாசலில் எடுத்து வைக்கிற முதல் காலிலிருந்து வலது பார்த்துப் பழகிய ஜனங்கள் கண்ணை மட்டும் இடதில் வாங்குவார்களா என்ன? இந்தச் சின்ன விஷயம் வெளிநாட்டிலிருந்து கருவி செய்து அனுப்பியவனுக்குத் தெரிய நியாயமில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த தனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

"உங்க வலது கண்ணுல பூ விழுந்திருக்கு," என்றாள். "எவ்வளவு நாளா மங்கலாத் தெரியுது?"

கலாமணியின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது.

"ஒரு வாரமா… புகை மூட்டமா இருந்துச்சுங்க. எடதும் பீளையில சரியாத் தெரியறதில்ல. சாயம் ஏதாச்சும் பட்டிருக்கும்னு…"

"பொய் சொல்லாதீங்க."

"தெரிஞ்சுதுங்க." குரல் தேய்ந்துபோயிருந்தது. "மனசுக்குள்ள தெரிஞ்சுது. சொன்னா அப்புறம் யாரு கூப்பிடுவாங்க? இன்னும் ஒரு வீடு, இன்னும் ஒரே ஒரு வீடுன்னு போயிட்டேன். சீட்டுத்தான் பச்சையா இருக்கேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நீங்க கொடுத்த சீட்டுங்க."

தமயந்திக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மாவின் காதைப் பிடித்து இழுத்த அந்தப் பையன் கண்முன்னே வந்தான். எழுந்து இந்தப் பெண்ணின் தலையில் இருக்கும் கனகாம்பரத்தைப் பிய்த்து எறிய வேண்டும் போல இருந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சுகாதாரத் துறையிலிருந்து துணை இயக்குநர் சௌந்தரபாண்டியன்.

"என்னம்மா, மூலம் யாருன்னு பேர் கிடைச்சுதா? சாயங்காலம் அறிவிப்புப் பலகையில போடணும். மேல இருந்து பிராணனை வாங்கறாங்க."

போன மாதம் வேறொரு ஊரில் இப்படித்தான் ஒரு பெயரைப் பலகையில் போட்டார்கள். மறுநாள் அந்த வீட்டுக் கூரையில் ஓடு ஒன்றும் மிச்சமில்லை. வீட்டு ஆள் எங்கே போனான் என்று இன்றுவரை தெரியவில்லை. தமயந்தி கலாமணியைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் வந்த குரல் அவளுக்கும் கேட்டிருந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் தன் நெஞ்சில் இருக்கும் பாரமும் பாதி இறங்கிவிடும்; பழி போக ஓர் இடம் கிடைத்துவிடும்.

"கிடைச்சுது சார்," என்றாள். "ஒத்தைக் கண்ணைப் பார்த்தாப் போதும்னு விதி எழுதினது ஆய்வகம். எழுதினவ பேரு தமயந்தி. அதைப் பலகையில போடுங்க."

"என்னம்மா விளையாடறீங்களா?"

"இல்லீங்க சார். எனக்கு இப்ப வேலை இருக்கு."

போனை வைத்தாள். வேலை போய்விடும், விசாரணை வரும், எல்லாம் தெரிந்துதான் இருந்தது. கலாமணி கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒரு தகரப் பெட்டியைத் தரதரவென்று இழுத்தாள்.

"பேரு தெரியாதுங்க. ஆனா இதைப் பார்த்தா வீடு தெரியும்."

பெட்டி நிறைய ஜாக்கெட் துணிகள். ஒன்றைக்கூடத் தைக்கவில்லை, கொடுத்த மடிப்புக் கலையாமல் அடுக்கி வைத்திருந்தாள்.

"எத்தனையோ வருசமா யாரும் எனக்கு வெச்சுக் கொடுக்காத துணிங்க. ஒவ்வொண்ணும் யாரு கையில இருந்து வந்துச்சுன்னு தெனமும் எடுத்து நெனச்சுப் பார்த்துக்குவேன். மேல இருக்கறதெல்லாம் இப்ப நாலு நாளுக்குள்ள வந்தது. எனக்கு இப்ப கலர் சரியாத் தெரிய மாட்டேங்குது. நீங்க பார்த்துச் சொல்லுங்க, நான் வீட்டைச் சொல்றேன்."

தமயந்தி நசீமாவை போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். முதல் துணியை எடுத்தாள்.

"கிளிப்பச்சை. சின்னச் சின்ன வெள்ளைப் பூ."

"அனுப்பர்பாளையம், பாத்திரப் பட்டறைக்கு எதிர்வீடு. மாடில. ரெட்டைப் பொண்ணுங்க. முந்தாநாள் போனேன்."

"எழுதிட்டேன்," என்றார் நசீமா. பின்னால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"அரக்கு. ஜரிகைப் புள்ளி."

"அது எந்தங்கச்சி கொடுத்ததுங்க." கலாமணி நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அவ பேரனுக்கு. செவ்வாக்கிழமை. கொங்கு மெயின் ரோட்டுல பால் டிப்போவுக்குப் பக்கத்து வீடு."

"ரோஸ். ஒண்ணும் இல்லாம பிளெய்ன்."

"பாவம், ஒரு தையக்காரிங்க. வீடு மருதமலை லைன்ல மூணாவது. குழந்தை தூங்கிட்டு இருந்துச்சு, தூக்கத்துலயே ஒத்தினோம்."

இப்படியே போயிற்று. துணியைப் பிரித்துச் சொல்வதும், கலாமணி கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பதும், எதிர்முனையில் வண்டிகள் கிளம்புவதும். நடுநடுவே நசீமா, "ரெட்டைப் பொண்ணுங்களுக்கு விட்டாச்சு, கண்ணு இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு," என்பார். தமயந்திக்கு அப்போது கொஞ்சம் மூச்சு வரும். வந்த மூச்சு அடுத்த துணியைத் தொடும்போது போய்விடும்.

அடுத்த துணி மயில் நீலம்.

"மயில் நீலம்," என்றாள். "பருத்தி. ஓரத்துல…"

ஓரத்தில் ஊதா மார்க்கரில் ஒரு மீன் இருந்தது. இமைமயிரோடு.

அவள் விரல் அதன் மேல் நின்றுவிட்டது. தீபாவளிக்கு என்று எடுத்து, பீரோவில் மேல்தட்டில் வைத்த துணி.

"மயில் நீலமா?" கலாமணி நெற்றியைத் தேய்த்தாள். "அது மட்டும் எந்த வீடுன்னு தெரியாதுங்க. எல்லா வீட்டுலயும் பொம்பளைங்கதான் வருவாங்க. இவரு ஒருத்தர்தான் ஆம்பளை. நேத்துக் காலைல அவரே இங்க வந்தாரு, ஒரு பாப்பாவைக் கூட்டிக்கிட்டு. பாவமா இருந்துச்சு, கை நடுங்குது மனுசனுக்கு. மொதல்ல தன் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. ஒண்ணும் ஆகலியேன்னு கொஞ்ச நேரம் உக்காந்து பார்த்துட்டு, அப்புறம்தான் பாப்பாவுக்கு ஒத்தினாரு. அம்மாகிட்டச் சொல்லக்கூடாது கண்ணு, அம்மா பயந்துக்குவாங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு. பேரு கேட்டேன், சொல்லல. ஐயோ, இந்த வீட்டை எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

நேற்று சாயங்காலம் லோகநாதன் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போகவில்லை. கண் வாங்கும் பேச்சையே எடுக்கவில்லை. அப்பாடா, இன்றைக்காவது சண்டை இல்லை என்று அவள் நிம்மதியாகப் படுத்தாள்.

"தமயந்தி? லைன்ல இருக்கீங்களா? மயில் நீலம், விலாசம் என்ன?"

தமயந்தி விலாசம் சொன்னாள். கதவு எண், தெரு, பக்கத்தில் இருக்கும் மாவு மில் எல்லாம் சொன்னாள். யாரோ ஒருவர் வீட்டுக்கு வழி சொல்வது போல நிதானமாகத்தான் சொன்னாள்.

எதிர்முனையில் எழுதும் சத்தம் நின்றது.

"தமயந்தி… இது உங்க வீடு."

"ஆமாங்க மேடம். ரெண்டு பேர். அப்பா, மக. நேத்துக் காலைல வாங்கினது. இன்னும் சிவந்திருக்காது." இருக்காது என்றுதான் சொன்னாள், இருக்கக்கூடாது என்று உள்ளே எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஆளுக்கு ரெண்டு கண்ணுலயும் எடுக்கச் சொல்லுங்க. ரெண்டுலயும் விடச் சொல்லுங்க. அவ அடம் பிடிப்பா. மீன் படம் போடலாம்னு சொன்னா கண்ணைத் திறப்பா."

"இப்பவே அனுப்பறேன். நீங்க உடனே வீட்டுக்குக் கிளம்புங்க. நான் வேற யாரையாவது அங்க அனுப்பறேன்."

ஜீப் வாசலில்தான் நின்றது. சாலை காலியாக இருந்தால் வீடு கிட்டத்தான். தமயந்தி எழுந்தாள். கதவு வரைக்கும் போனாள். கலாமணிக்கு அப்போதுதான் விளங்கியது. வாயில் அடித்துக்கொண்டு, கையால் துழாவி அந்த மயில் நீலத்தை எடுத்து நீட்டினாள். நீட்டிய கை வலது கை.

"போங்க கண்ணு," என்று அழுதாள். "உங்க வீடுன்னு தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா…"

தெரியாத வீடுகளாக இருந்தால் மட்டும் பரவாயில்லையா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. பெட்டியில் நாலு நாளுக்குள் வந்த துணிகள் இன்னும் பாதி அப்படியே இருந்தன. அடுத்த ஆள் வந்து, இந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்தி, மறுபடி பேச வைப்பதற்குள் எத்தனை கண் சிவந்துவிடும் என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மயில் நீலத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"மேடம், வீட்டுக்குப் போன ஆள் கண்ணைப் பார்த்ததும் எனக்குச் சொல்லச் சொல்லுங்க. வெள்ளையா சிவப்பான்னு மட்டும் சொன்னாப் போதும்."

"சொல்றேம்மா," என்றார் நசீமா. அவர் அவளை அம்மா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

தமயந்தி அடுத்த துணியை எடுத்து விரித்தாள். கண் நிறைந்து நிறம் கலங்கித் தெரிந்தது. புறங்கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனவள், பாதியிலேயே நிறுத்தி, தோள்பட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"மஞ்சள்," என்றாள். "கரும்பச்சைக் கரை. இது யாரு வீடுங்க்கா?"